மாஸ்டர் ரூம் இல்லாத 66 நாள்

போன மாதம் ஒரு மதிய உணவு நேரத்தில், என்னோடு வேலை பார்க்கும் தங்கை ஒருத்தி கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். அவர்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சமையலறை. கூரையில் பாய் அகலத்துக்கு மஞ்சள் கறை, அதன் நடுவில் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை, அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு வாளி.

"அக்கா, மூணு வாரமா சமைக்கவே முடியல. வெளியிலதான் சாப்பிடுறோம். வாடகை மட்டும் முழுசாக் கட்டிட்டு இருக்கோம். குறைக்கச் சொல்லிக் கேக்கலாமா? கேட்டா வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்களோ?"

அந்தக் கடைசிக் கேள்வியில் இருக்கும் பயம் எனக்கு நன்றாகத் தெரியும். 2023ஆம் ஆண்டு நவம்பரில் அதே பயத்தோடு நான் 20 நாள் சும்மா இருந்தேன். அந்த 20 நாளுக்கு எங்களுக்கு ஒரு வெள்ளிகூடக் குறையவில்லை. அதற்குப் பிறகு வந்த 66 நாளுக்குக் குறைந்தது. இரண்டுக்கும் நடுவில் நான் கற்றுக்கொண்டதை அவளிடம் சொன்னேன். அவளைப்போல இன்னும் எத்தனையோ பேர் இருப்பார்கள் என்பதால் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது சிங்கப்பூரின் மார்சிலிங்கில், பழைய அடுக்குமாடி புளோக் ஒன்றில், நான்கறை வீடு. ஹாலையும் சேர்த்துத்தான் நான்கறை; படுக்கையறை மூன்றுதான். 2023 ஜூனில் இரண்டு ஆண்டு ஒப்பந்தம் போட்டோம். மாத வாடகை 2,900 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), முன்பணம் இரண்டு மாத வாடகை. என் கணவருக்கு உட்லண்ட்ஸில் சிப் தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிப்ட். மாதத்தில் பாதி நாள் இரவு வேலை. காலை எட்டரைக்கு வீட்டுக்கு வந்து, மாஸ்டர் ரூமில் கனமான திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்தால் மூன்று மணிவரை தூங்குவார். இந்த வீட்டை நாங்கள் எடுத்ததற்கு முக்கியக் காரணமே அந்த அறைதான். வீட்டின் கோடியில் இருக்கும், ஹால் சத்தம் கேட்காது, குளியலறை உள்ளேயே இருக்கும்.

நவம்பர் 6ஆம் தேதி அந்தக் குளியலறையின் கூரையில் ஒரு ஈரத்திட்டு தெரிந்தது. அடுத்த நாள் அது சுவரைத் தாண்டிப் படுக்கைக்கு மேலே வந்துவிட்டது. வீட்டுக்காரரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். அவர் நம் தமிழர்தான், ஓய்வுபெற்றவர், மகனோடு பொங்கோலில் இருக்கிறார். நாங்கள் அவரை அங்கிள் என்றுதான் கூப்பிடுவோம்.

"அது மேல்வீட்டுக்காரங்க பிரச்சினைமா. நான் என்ன செய்யமுடியும்? அவங்கள்ட்ட ஒரு வார்த்தை சொல்லிப் பாரு" என்றார்.

சரி என்று வைத்துவிட்டேன். அடுத்த ஞாயிறு தீபாவளி. நல்ல நாள் அதுவுமாக அவரோடு மனக்கசப்பு எதற்கு என்று தோன்றியது. மேல்வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன், யாரும் இல்லை. தீபாவளி முடிந்து இன்னொரு முறை அங்கிளைக் கூப்பிட்டேன். பார்ப்போம் என்றார். நானும் பார்ப்போம் என்று இருந்துவிட்டேன். கட்டிலை ஓர் அடி நகர்த்திப் போட்டுக்கொண்டோம்.

நவம்பர் 25, சனிக்கிழமை காலை. என் கணவர் வேலை முடிந்து வந்து, பொதுக் குளியலறையில் குளித்துக்கொண்டிருந்தார். உள்ளே ஏதோ விழுந்த சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். என் உள்ளங்கையைவிடப் பெரிய காங்கிரீட் துண்டு, அவர் தலைவைத்துப் படுக்கும் தலையணையின் மேல் கிடந்தது. மேலே துருப்பிடித்த கம்பி தெரிந்தது. ஐந்து நிமிடம் முன்னால் குளித்துவிட்டு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து அன்று முழுக்க எனக்குக் கை நடுங்கியது.

பழைய வீவக வீடுகளில், அதாவது அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய வீடுகளில், இருப்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஈரம் உள்ளே இறங்கி, காங்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடித்து உப்பும். அந்த உப்பல் வெளியே இருக்கும் காங்கிரீட்டைத் தள்ளிவிடும். குளியலறை, சமையலறைக் கூரைகளில்தான் இது அதிகம். கறை தெரிந்து, பெயிண்ட் கொப்பளித்து, தட்டினால் பொக்கென்று சத்தம் கேட்டால் அதன்கீழ் படுக்கக்கூடாது. அன்று எனக்கு இது தெரியாது.

அன்று மாலையே அந்த அறையைக் காலி செய்தோம். மெத்தையை ஹாலில் போட்டோம். தொடக்கநிலை ஒன்றில் படிக்கும் மகளுடைய அறையில் துணி அலமாரி ஏறியது. மூன்றாவது அறை ஏற்கெனவே சாமான்களால் நிறைந்திருந்தது. ராத்திரி உட்கார்ந்து, கையெழுத்துப் போட்ட நாளுக்குப் பிறகு முதல்முறையாக வாடகை ஒப்பந்தத்தை முழுதாக வாசித்தேன்.

இதை வாசிக்கும் எல்லோரும் தயவுசெய்து இன்று ஒருமுறை அந்தக் காகிதத்தை எடுத்துப் பாருங்கள். சிங்கப்பூரில் குடியிருப்பு வீடுகளுக்கு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்று இப்போது எதுவும் இல்லை. பழைய சட்டத்தை 2001இல் நீக்கிவிட்டார்கள். ஓர் அறை போனால் வாடகை இவ்வளவு குறையவேண்டும் என்று எந்தச் சட்டமும் எடுத்துச் சொல்வதில்லை. அதனால் நமக்கு இருக்கும் பிடி பெரும்பாலும் ஒப்பந்தம்தான். அதில் மூன்று இடங்களைத் தேடவேண்டும்.

கூரை, கட்டமைப்பு, முக்கியக் குழாய்கள் ஆகியவற்றை நல்ல நிலையில் வைத்திருப்பது யார் பொறுப்பு என்பது முதல் இடம். பெரும்பாலும் வீட்டுக்காரர் பொறுப்பு என்றுதான் இருக்கும். சிறு பழுதுகள் பற்றிய பத்தி இரண்டாவது. ஒவ்வொரு பழுதுக்கும் முதல் இவ்வளவு வெள்ளியைக் குடியிருப்பவர் கட்டவேண்டும் என்று அதில் ஒரு தொகை எழுதியிருக்கும்; எங்களுக்கு 200. குழாய், விளக்கு, கதவுப் பூட்டு போன்றவற்றுக்கு அது. கூரை இடிந்து விழுவது அதில் வராது. அங்கிள் பிறகு ஒரு நாள் அந்த 200 வெள்ளியைக் கேட்டபோது, இரண்டு பத்திகளையும் பக்கத்தில் வைத்துத்தான் காட்டினேன். அவரும் மேலே பேசவில்லை.

மூன்றாவது இடம்தான் முக்கியமானது. கடைசிப் பக்கங்களில், யாரும் வாசிக்காத இடத்தில், தீ, மின்னல், வெள்ளம், கலவரம் என்று வரிசையாகச் சில வார்த்தைகள் வரும். வீடோ வீட்டின் ஒரு பகுதியோ இரு தரப்பின் கையிலும் இல்லாத காரணத்தால் சேதமாகி, குடியிருக்கத் தகுதியில்லாமல் போனால், சேதத்தின் தன்மைக்கும் அளவுக்கும் ஏற்ப வாடகையில் நியாயமான ஒரு பங்கு, அது சரியாகும்வரை நிறுத்திவைக்கப்படும் என்று அதில் இருக்கும். இங்கே புழங்கும் பல ஒப்பந்தங்களில் இந்தப் பத்தி இருக்கிறது. எங்களுடையதிலும் இருந்தது. அதை வாசித்தபோது எனக்கு அழுகையே வந்தது. பிச்சை கேட்பதுபோல் கூச்சப்பட்டுக்கொண்டு இருபது நாளாக நான் தள்ளிப்போட்ட விஷயத்துக்கு, இரு தரப்பும் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறோம்!

அந்தப் பத்தி உங்கள் ஒப்பந்தத்தில் இல்லாவிட்டாலும் கேட்கலாம். ஆனால் அப்போது அது பேச்சுவார்த்தைதான். இருந்தால் பேச்சின் தொடக்கப் புள்ளியே வேறாகிவிடும்.

மறுநாள் ஞாயிறு, நவம்பர் 26. அங்கிளுக்கு வாட்ஸ்அப்பில் நீளமாக ஒரு செய்தி எழுதினேன். அதையே மின்னஞ்சலிலும் அனுப்பினேன். பேச்செல்லாம் தமிழில்தான் என்றாலும் எழுதியது ஆங்கிலத்தில். பின்னால் யாரிடமாவது காட்டவேண்டி வந்தால் மொழிபெயர்க்க அலையக்கூடாது என்று கணவர் சொன்னார். என்ன நடந்தது, எந்தத் தேதியில், எந்த அறை, ஏன் படுக்கமுடியாது என்று படங்களோடு எழுதினேன். கூரையை உடனே சரிசெய்யக் கேட்டேன். கடைசியாக, இன்று முதல் அறை திரும்பக் கிடைக்கும் நாள்வரை வாடகையில் ஒரு பங்கைக் குறைக்கவேண்டும் என்று, ஒப்பந்தப் பத்தியின் எண்ணைக் குறிப்பிட்டுக் கேட்டேன். தொகை எதையும் சொல்லவில்லை. கோபமான வார்த்தை ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் நடந்தவை எல்லாம் அந்தத் தேதியிலிருந்துதான் எண்ணப்பட்டன. நவம்பர் 6லிருந்து கணக்குப் போடவேண்டும் என்று பிறகு நான் கேட்டபோது, "அப்ப நீங்க அந்த ரூம்லதானேமா படுத்திருந்தீங்க, போன்லயும் வாடகையைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே" என்றார் அங்கிள். என்னிடம் பதில் இல்லை. தொலைபேசியில் பேசியதற்கு எந்தப் பதிவும் இல்லை.

மேல்வீடு பற்றி ஒரு விஷயம். குடியிருப்பவர்கள் பலர் இதில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். வீவக வீடுகளில் கூரை ஒழுகினால் மேல்வீட்டு உரிமையாளரும் கீழ்வீட்டு உரிமையாளரும் சேர்ந்து பழுதுபார்க்கவேண்டும் என்பது விதி. நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்தின்கீழ் வந்தால் செலவில் பாதியை வீவக ஏற்றுக்கொள்ளும். மீதியை மேல்வீடும் கீழ்வீடும் ஆளுக்கு 25 விழுக்காடாகக் கட்டவேண்டும். இது உரிமையாளர்கள் தங்களுக்குள் பார்த்துக்கொள்ளவேண்டியது. வாடகைக்கு இருப்பவருக்கு ஒப்பந்தம் இருப்பது தன் வீட்டுக்காரரோடு மட்டும்தான். மேல்வீட்டுக்காரர் ஒத்துழைக்கிறாரா இல்லையா என்பது பழுது எவ்வளவு நாள் இழுக்கும் என்பதைத் தீர்மானிக்கலாம். எங்கள் அறை எங்களுக்கு இல்லை என்ற உண்மையை அது மாற்றாது. மேல்வீட்டுக் கதவைத் தட்டிய நேரத்தில் நான் அங்கிளுக்கு எழுதியிருக்கவேண்டும்.

அங்கிளுக்கு இந்த உதவித் திட்டம் பற்றித் தெரிந்திருக்கவில்லை. முழுச் செலவும் தன் தலையில் விழும் என்று பயந்துதான் அவர் பிடிகொடுக்காமல் பேசினார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. விவரத்தைச் சொன்னதும் அவரே வீவகவில் பதிவுசெய்தார். அந்த வாரமே அதிகாரி வந்து பார்த்தார். கம்பி தெரிந்த இடத்தில் தளர்ந்திருந்த காங்கிரீட்டைத் தட்டி எடுத்தார்கள். மேல்வீட்டுக் குளியலறைத் தரையின் நீர்க்காப்பு பழுதாகிவிட்டது, டைல்ஸை உடைத்துப் புதிதாகப் போடவேண்டும் என்றார்கள். ஆனால் மேல்வீட்டுக் குடும்பம் பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தது. டிசம்பர் 27 அன்றுதான் திரும்பி வந்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை; அவர்களுக்குமே வந்து இறங்கியதும்தான் விஷயம் தெரியும். ஜனவரி 8, திங்கட்கிழமை வேலை தொடங்கியது. பொங்கலன்று வீடெல்லாம் சிமெண்ட் தூசி. மேலே டைல்ஸ் முடிந்து, எங்கள் கூரை காய்ந்து, பூசி, வண்ணம் அடித்து முடிக்க ஜனவரி 30 ஆகிவிட்டது. நவம்பர் 26லிருந்து எண்ணினால் 66 நாள்.

அந்த 66 நாளும் என் கணவர் ஹாலில், சமையலறைச் சத்தத்துக்கும் வாசல் மணிக்கும் நடுவில் பகலில் தூங்கினார். பள்ளி விடுமுறை என்பதால் மகளும் வீட்டில். அவளைச் சத்தம் போடாதே, ஓடாதே என்று அதட்டியே டிசம்பர் முழுக்கப் போனது. ஒருநாள் அவள் மெதுவாக வந்து, "அம்மா, நான் மூச்சு விடலாமா?" என்று கேட்டாள். அது விளையாட்டுக்குக் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. பல நாள் காலையில் அவளைக் கூட்டிக்கொண்டு உட்லண்ட்ஸ் நூலகத்துக்குப் போய் மதியம்வரை உட்கார்ந்திருப்பேன்.

இதற்கு நடுவில் டிசம்பர் வாடகையையும் ஜனவரி வாடகையையும் முழுதாகக் கட்டினோம். கட்டவேண்டாம் என்று சொன்னவர்கள் உண்டு. வாடகையை நிறுத்தினால்தான் வீட்டுக்காரர் இறங்கி வருவார் என்பது நம்மவர்களிடையே பரவலாக இருக்கும் எண்ணம். அதை நான் அழுத்தமாக மறுக்கிறேன். வாடகை கட்டும் கடமையும் பழுதுபார்க்கும் கடமையும் ஒப்பந்தத்தில் தனித்தனியாக நிற்பவை. ஒன்று நடக்கவில்லை என்று இன்னொன்றை நாமாக நிறுத்தினால் நாம்தான் ஒப்பந்தத்தை மீறியவர்களாகிறோம். வாடகை குறிப்பிட்ட நாளைத் தாண்டினால் வட்டி போடவும், வீட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் பல ஒப்பந்தங்களில் இடம் இருக்கிறது. பாக்கிக்காக நீதிமன்ற உத்தரவு வாங்கி நம் பொருள்களைக் கைப்பற்றவும் வீட்டுக்காரருக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது.

என் கணவரோடு வேலை செய்யும் ஒரு தம்பி கொண்டோ ஒன்றில் அறை எடுத்திருந்தார். குளிர்சாதனம் ஐந்து வாரம் வேலை செய்யவில்லை என்று ஒரு மாத வாடகையை அப்படியே நிறுத்திவிட்டார். முன்பணத்திலிருந்து அதைக் கழித்துக்கொண்டார்கள், கூடவே வீட்டைக் காலி செய்யச் சொல்லி அறிவிப்பும் வந்தது. பார்க்கப்போனால் அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர் செய்யவேண்டிய சர்வீசுக்கு அவரிடம் ரசீது இல்லை. குளிர்சாதனம் ஏன் பழுதானது என்ற கேள்விக்கு அவரால் பதில் சொல்ல முடியவில்லை. நம்மால் வந்த பழுது என்றால் குறைப்பு கேட்க இடமே இல்லை. அந்த ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

நாங்கள் பேநவ் வழியாகப் பணம் அனுப்பியதும், முழு வாடகை அனுப்பியிருக்கிறோம், குறைப்புக் கோரிக்கையைக் கைவிடவில்லை என்று ஒரு வரிச் செய்தியும் அனுப்பிவிடுவோம். இரண்டு மாதமும் அப்படித்தான்.

இனி தொகை. டிசம்பர் நடுவில் அங்கிள் கூப்பிட்டு, மாதம் 100 வெள்ளி குறைத்துக்கொள்கிறேன் என்றார். நான் உடனே ஒத்துக்கொள்ளவும் இல்லை, சண்டைக்கும் போகவில்லை. "ஒருநாள் காலையில பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்துட்டுப் போங்க அங்கிள், அப்புறம் பேசலாம்" என்றேன். அவர் மகனோடு வந்தார். என் கணவர் இரவு வேலை முடித்து ஹாலில் கண்ணுக்குக் கறுப்புத்துணி கட்டிப் படுத்திருந்தார். உட்கார இடமில்லாமல் அங்கிள் சமையலறையில் நின்றுகொண்டே கோப்பி குடித்தார். மாஸ்டர் ரூமுக்குப் போய்க் கம்பியைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. வெளியே வந்து, "தம்பி தினமும் இங்கதான் படுக்கிறாரா?" என்று கேட்டார். அதுவரை படத்தில் பார்த்தது வேறு, அன்று பார்த்தது வேறு. வீட்டுக்காரரை நேரில் வரவழைக்க முடிந்தால் கட்டாயம் வரவழையுங்கள், அதுவும் சிரமம் கண்ணுக்குத் தெரியும் நேரத்தில்.

அவருடைய மகன் பொறியாளர். அவர் பரப்பளவை வைத்துக் கணக்குப் போட்டார். வீடு ஏறக்குறைய 92 சதுர மீட்டர், அறையும் குளியலறையும் சேர்த்து 17. அப்படியானால் 18 விழுக்காடு சொச்சம், 18 என்றே வைத்தால் மாதம் 522 வெள்ளி என்றார். நூறிலிருந்து அது பெரிய தாவல்தான். ஆனால் நடைபாதையும் சமையலறையும் ஹாலும் ஒரு சதுர மீட்டருக்கு ஒரே மதிப்பு என்று அந்தக் கணக்கு சொல்கிறது. வீடு எடுப்பவர்கள் அப்படிப் பார்ப்பதில்லை.

நான் வேறு வழியில் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். எங்கள் பக்கத்தில் அறை வாடகை விளம்பரங்களைப் பார்த்து, மாஸ்டர் ரூம் 1,200, காமன் ரூம் எனப்படும் மற்ற படுக்கையறைகள் ஒவ்வொன்றும் 900 என்று எடுத்தேன். மூன்றும் சேர்ந்து 3,000. அதில் மாஸ்டர் ரூமின் பங்கு 40 விழுக்காடு. ஆனால் அறையை மட்டும் எடுப்பவர் ஹாலுக்கும் சமையலறைக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறார், அவை எங்களுக்கு இன்னும் இருக்கின்றன. அதனால் 30 விழுக்காடு கேட்டேன், மாதம் 870. இரண்டு கணக்கையும் ஒரே தாளில் எழுதி மேசைமேல் வைத்தோம். கொஞ்ச நேரம் பேசி 25 விழுக்காடு என்று முடிவானது. மாதம் 725, நாளுக்கு 24 வெள்ளி 17 காசு. 66 நாளுக்கு 1,595. அங்கிளே 1,600 ஆக்கி, பிப்ரவரி, மார்ச் இரண்டு மாத வாடகையிலும் 800 வெள்ளி கழித்துக்கொள்ளச் சொன்னார்.

இந்த 25 எல்லாருக்கும் பொருந்தும் எண் இல்லை. வீட்டில் இருக்கும் ஒரே குளியலறை போனால் இதைவிட அதிகம் கேட்பேன். சாமான் அறை போனால் 10கூடக் கேட்கமாட்டேன். குழாய் இரண்டு நாள் ஒழுகியதற்கும் மின்தூக்கி பழுதானதற்கும் பக்கத்து வீட்டு இடிசத்தத்துக்கும் நான் வாடகைக் குறைப்பு கேட்கமாட்டேன். நாம் வாடகை கொடுக்கும் இடத்தில், எந்தப் பகுதி, எத்தனை நாள் நமக்கு இல்லாமல் போனது என்று விரலைவைத்துக் காட்ட முடிந்தால் கேட்கலாம்.

பேசி முடித்ததும் அரைப்பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். எந்த அறை, எந்தத் தேதி முதல் எந்தத் தேதிவரை, எவ்வளவு தொகை, எந்தெந்த மாத வாடகையில் கழிக்கிறோம் என்பது அதில் இருந்தது. முன்பணத்தை இது பாதிக்காது என்ற வரியை நான் கேட்டுச் சேர்த்தேன். ஒன்றரை ஆண்டு கழித்துக் கணக்கைப் புரட்டும்போது இரண்டு மாதம் 800 குறைந்திருக்கிறதே என்று யாராவது முன்பணத்தில் கைவைத்தால்? அங்கிள் அப்படிச் செய்பவர் இல்லை. ஆனால் அவருக்கு வயது எழுபதுக்கு மேல், நாளைக்குக் கணக்குப் பார்ப்பது வேறு யாராகவும் இருக்கலாம்.

பேசி முடியாமல் போயிருந்தால் என்ன செய்வதாக இருந்தோம் என்று அந்தத் தங்கை கேட்டாள். ஸ்மால் கிளெய்ம்ஸ் என்று எல்லாரும் சொல்லும் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போயிருப்போம். இரண்டு ஆண்டுக்கு மிகாத குடியிருப்பு வாடகை ஒப்பந்த வழக்குகளை அங்கே விசாரிக்கிறார்கள். உச்சவரம்பு 20,000 வெள்ளி. இரு தரப்பும் எழுத்தில் ஒத்துக்கொண்டால் 30,000. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் பதியவேண்டும். சிங்பாஸ் என்ற மின்னிலக்க அடையாளக் கணக்கை வைத்து இணையத்திலேயே பதியலாம். தனிநபர் 5,000 வெள்ளிவரை கோரினால் பதிவுக் கட்டணம் 10 வெள்ளி. வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடியாது, எதிர்த்தரப்பும் வைத்துக்கொள்ள முடியாது. விசாரணைக்கு முன்பே பேசித் தீர்க்க அங்கேயே வழிகள் இருக்கின்றன. ஒப்பந்தம் மூன்று ஆண்டு என்றால் இந்த வாசல் மூடிவிடும். மலேசியர்களும் சிங்கப்பூரர்களும் வீவக வீட்டை மூன்று ஆண்டுவரை ஒரே மூச்சில் எடுக்கலாம் என்பதால் அவர்கள் இதைக் கையெழுத்துக்கு முன்பே யோசிக்கவேண்டும்.

நீதிமன்றத்துக்குப் போக ஒப்பந்தத்தில் முத்திரை வரி கட்டியிருக்கவேண்டும். நான்கு ஆண்டுவரையிலான ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு, கையெழுத்திட்ட 14 நாளுக்குள். எங்களுக்கு 278 வெள்ளி வந்தது. வழக்கமாகக் குடியிருப்பவர்தான் கட்டவேண்டும். கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் ஆதாரமாக ஏற்காது. அந்தச் சில நூறு வெள்ளியை மிச்சப்படுத்துவதாக நினைத்து விட்டுவிட்டவர்கள் எனக்கே தெரிந்து இரண்டு பேர் இருக்கிறார்கள். எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால், சமூக மன்றங்களில் மாலை நேரத்தில் நடக்கும் இலவசச் சட்ட ஆலோசனைக்கு ஒப்பந்தத்தையும் படங்களையும் எடுத்துக்கொண்டு போகலாம்.

அறை மட்டும் எடுத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம்மவர்கள் அறை தேடும்போது முதலில் கேட்பது சமைக்கலாமா என்பதைத்தான். சமைக்க அனுமதி உண்டு என்பதற்காகவே கூடுதலாகக் கொடுத்து எடுக்கிறோம். ஆனால் அது விளம்பரத்தில் மட்டும் இருக்கும், ஒப்பந்தத்தில் இருக்காது. சமையலறை, சலவை இயந்திரம், எந்தக் குளியலறை என்பதெல்லாம் காகிதத்தில் இருந்தால்தான், அது இல்லாமல் போகும்போது கேட்க முடியும். பழைய புளோக் என்றால் இல்ல மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ் குளியலறை வேலை வரப்போகிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள். வேலை நடக்கும் பத்து நாள் சொச்சத்துக்கு என்ன ஏற்பாடு, வாடகை என்ன என்று முன்பே பேசிவிடலாம்.

எங்கள் ஒப்பந்தம் 2025 ஜூனில் முடிந்தது. அதே வீட்டிலேயே இன்னும் இரண்டு ஆண்டுக்குப் புதுப்பித்தோம். குறைப்பு கேட்டால் வெளியே அனுப்பிவிடுவார் என்று பயந்தேனே, அதே அங்கிள்தான், "போன தடவை மாதிரி தாளும் பேனாவுமா உக்காரவேணாம்மா, இப்பவே எழுதிடுவோம்" என்றார். ஏழு நாளுக்குமேல் பயன்படுத்த முடியாமல் போனால் மாஸ்டர் ரூமுக்கு 25 விழுக்காடு, மற்ற இரண்டு அறைக்கும் தலா 15, பொதுக் குளியலறைக்கு 10, சமையலறைக்கு 20 என்று பின்னிணைப்பாகச் சேர்த்தோம். சமையலறைக்கு அவர் மகன் 15 என்றுதான் சொன்னார். "தினமும் சமைக்கிற வீட்டுல அது பத்தாதுடா" என்று அங்கிளே 20 ஆக்கினார்.

அந்த எண்ணை அந்தத் தங்கையிடமும் சொன்னேன். இந்த வாரம் தன் வீட்டுக்காரருக்கு எழுதிய கடிதத்தை எனக்கு அனுப்பிப் பார்க்கச் சொன்னாள். மரியாதையாக, நன்றாக எழுதியிருந்தாள். சமையலறை எந்தத் தேதியிலிருந்து இல்லை என்பது மட்டும் விட்டுப்போயிருந்தது. அதைச் சேர்த்து இன்றைக்கே அனுப்பிவிடச் சொன்னேன்.